மணி அடித்ததும் உயர்ந்த கை

அன்பான சகோதரங்களே, நோய் சுகமான சாட்சி சொல்ல நம்மிடையே பலர் இருக்கிறார்கள். எனக்கு வந்தது வெட்கம். அதற்கு ஆஸ்பத்திரியில் வார்டும் இல்லை, மருந்தும் இல்லை. ஆண்டவர் அதை அரைவாசி சுகமாக்கினார். மீதியை என்னிடமே விட்டுவைத்திருக்கிறார்.

யுத்தம் முடிந்து, தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து நாங்கள் எங்கள் சொந்த ஊரான தோட்டவெளிக்கு வந்த இரண்டாம் வருடம். நான் முகாமிலேயே பிறந்து வளர்ந்தவன், பேச்சும் இந்தியப் பேச்சு. வாயைத் திறந்தால் வகுப்பே சிரிக்கும். "டேய் இந்தியா, இன்னொருக்காச் சொல்லு" என்பான் அமலன். எப்படியும் சிரிக்கத்தான் போகிறார்கள் என்று நானே பகிடிக்காரனாகிவிட்டேன். அந்த வாயை நம்பி ரீச்சர் என்னைப் பேச்சுப் போட்டிக்கும் நாடகத்துக்கும் போட்டார்.

போட்டி மன்னாரில், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். காலையில் பேச்சு, பின்னேரம் நாடகம். என் தலைப்பு 'தாய்மண்ணின் பெருமை'. நன்றாகத்தான் போனது. நேரம் முடியப்போகிறது என்பதற்கு மணி அடிப்பார்கள் என்று ரீச்சர் சொல்லியிருந்தார். சொன்னது காதுக்கு. உடம்புக்கு யாரும் சொல்லவில்லை.

முகாமில் அதிகாரி ஆள் கணக்கெடுக்க வரும்போதும் மணிதான். எங்கே நின்றாலும் ஓடிவந்து வாசலில் நிமிர்ந்து நிற்க வேண்டும். அப்பாவுக்குக் கூச்சம். மூத்தவன் நான்தான் கையை உயர்த்திக் கணக்குச் சொல்வேன்.

மேடையில் மணி அடித்தது. தாய்மண்ணை நடுவழியில் விட்டுவிட்டு நான் நிமிர்ந்தேன். வலது கை உயர்ந்தது.

"பதினேழாம் நம்பர் வீடு. அஞ்சு பேரும் இருக்கோம் ஐயா."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. நடுவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிக்க வைப்பது என் தொழில்தான். ஆனால் பின்வரிசையில், ஞாயிறு பூசைக்கு உடுக்கிற சேலையோடு இருந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஐந்து பேரில் அவரும் ஒருவர் அல்லவா.

கிணற்றடிக்குப் பின்னால் போய் ஒளித்தேன். அங்கே ஒரு கழுதை நின்றது. இரண்டு பேருக்கும் இடம் போதும். "ஆண்டவரே, பின்னேரம் அந்த மணியின் நாக்குக் கழன்று விழட்டும். இல்லாவிட்டால் எனக்கு வயிற்றோட்டமாவது தாரும்" என்று செபித்தேன். வயிறு கல்லுப்போல் இருந்தது. பிறகுதான் அழுகை வந்தது. "என்னை அந்த மேடையில் தனிய விடாதேயும்" என்றேன்.

அமலன் தேடி வந்தான்.

"நீ வராட்டி நாடகம் இல்லை. எல்லாரும் வீட்டை போகவேண்டியதுதான்."

"மணி அடிச்சா திரும்பவும் அப்படித்தான்டா வரும்."

பகிடி விடுவான் என்று பார்த்தேன். விடவில்லை. "வா" என்றான்.

நாடகம், ஊர் திரும்பும் ஒரு குடும்பத்தைப் பற்றியது. நான் தகப்பன். குடும்பங்களைப் பதிகிற ஊர் அதிகாரி, விதானையார், அமலன். முடிவை நெருங்கும்போது மணி அடித்தது. என் கை தானாக உயர்ந்தது. இம்முறை குரலும் வரவில்லை. முன்வரிசையில் யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள்.

அமலன் தன் வசனத்தை விட்டுவிட்டு என் அருகில் வந்தான்.

"எத்தினை பேர் அண்ணை?"

"அஞ்சு பேரும் இருக்கோம் ஐயா."

"அஞ்சு பேரையும் கண்டன். கையை இறக்குங்கோ அண்ணை. ஊருக்கு வந்திட்டியள். இனி ஒருத்தரும் மணி அடிச்சு எண்ண மாட்டினம்."

கை இறங்கியது. இரண்டாம் மணியும் அடித்தது, நாங்கள் அசையவில்லை. நேரம் தாண்டியதற்குப் புள்ளியை வெட்டினார்கள். ஓர் இடமும் கிடைக்கவில்லை.

வெளியே வந்து கேட்டேன், "உனக்கு எப்படிடா தெரியும்?"

"நாங்களும் வவுனியா முகாமில லைனில நிண்டனாங்கள். எங்களை எண்ண விசில் அடிப்பினம்."

நான் மணியின் நாக்கைக் கேட்டேன். ஆண்டவர் அதைத் தொடவே இல்லை. தனிய விடாதேயும் என்று நான் அழுததைத்தான் கேட்டிருக்கிறார். அதுவும் என்னை அதிகம் பகிடி பண்ணினவனையே அனுப்பி. அன்றிலிருந்து செபமாலை சொல்லாமல் நான் படுப்பதில்லை. யாராவது மேடையில் தடுமாறினால் முதலில் சிரிக்கிற ஆளாகவும் நான் இல்லை.

மீதி அரைவாசி என்னிடமே இருக்கிறது என்றேனே. இன்றும் பூசையில் மணி அடித்தால் என் வலது கை உயரப் பார்க்கும். பக்கத்தில் மனைவி பிடித்து இறக்குவார். கோயிலே பார்க்கும், எனக்கு முகம் சிவக்கும்.

உங்களில் யாராவது இன்னும் கையை உயர்த்திக்கொண்டு நின்றால், ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் உங்கள் பக்கத்திலும் ஒருவரை விடுவார். கையை இறக்குங்கோ. ஊருக்கு வந்துவிட்டோம்.