சட்டையில் சிவந்த கறை

தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கான ஒத்திகையில் என் மகன் உடுத்திய வெள்ளைச் சட்டை, துவைத்து வந்தபோது நெஞ்சில் சிவந்திருந்தது. கொட்டாஞ்சேனையில் எங்களுக்குத் துணி துவைத்துத் தரும் ராணி அக்கா திகைத்து நின்றார்.

“உம்மட சிவப்புச் சீலைச் சாயம்தான்!” என்று என் மச்சாள் அவர்மேல் சீறினார்.

அது சாயமில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. “மச்சாள், ஊறிப் பிடிச்ச சாயமெண்டா அது பௌதிக மாற்றம். இது இரசாயன மாற்றம். பாருங்கோ,” என்று கறையில் தேசிக்காய்ப் புளி பிழிந்தேன். கறை மஞ்சளானது. சவர்க்காரம் தடவினேன், மறுபடி சிவந்தது.

“கறி மஞ்சள் சவர்க்காரம் பட்டால் இப்பிடித்தான் சிவக்கும்.”

மச்சாளின் முகம் மாறியது. “அண்டைக்கு அவனுக்குச் சோறு தீத்தினது நான்தான், கறி சிந்தியிருக்கும். ராணி, குறை நினையாதையும்.”

ராணி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பரீட்சைக்குப் படித்த பாடம் ஒருவரின் மானத்தைக் காக்கும் என்று அன்றுவரை நான் நினைத்ததில்லை.