யாருடைய பூட்டு

அந்தத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் ஜப்பான் அக்கா. ஜப்பானை அவள் கண்ணால் கண்டதில்லை. கார் கதவுக்குக் கைப்பிடி செய்யும் அந்தக் கம்பெனியில் தட்டச்சு வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தாள். பாதிப் பங்கை ஜப்பான்காரர்கள் வாங்கிய பிறகு, வேலை முடிந்ததும் மாடியில் ஜப்பானிய வகுப்பு நடத்தினார்கள். அங்கே கொடுத்த பிஸ்கட்டுக்காகவே முதல் வாரம் அறை நிரம்பி வழிந்தது. எழுத்துகள் கூடக் கூட ஆட்கள் கழன்றுகொண்டார்கள். கடைசியில் மிஞ்சியவள் இவள் ஒருத்திதான். எதையும் பிடித்தால் உடும்புப் பிடி.

ஜப்பானிய எஞ்சினியர்கள் எழுதித் தருவதை ஆங்கிலத்தில் ஆக்குவது அவள் வேலை. தலைமை அலுவலகம், காப்பீட்டுக்காரர்கள், வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் எல்லோரும் படிப்பது அந்த ஆங்கிலத்தைத்தான். எழுத்தோ இலக்கணமோ அவளைப் படுத்தவில்லை. அவளைப் படுத்தியது 'யாருடைய' என்ற கேள்விதான். ஜப்பானியர்கள் அதைச் சொல்வதே இல்லை. 'கண்ணை மூடி, கையைக் கட்டி உட்கார்ந்தார்' என்பதோடு சரி. ஆங்கிலத்துக்கு அது போதாது. யார் கண், யார் கை என்று கேட்டு நிற்கும்.

ஒருநாள் சாப்பிடும்போது இதை வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். குழந்தைகளோடு பேசிப் பேசி வாய் நீண்டவர்.

"பல்லு வலிக்குதுன்னு போனா அந்த ஊர் டாக்டர் யாரு பல்லப் பிடுங்குவாரு?"

"நம்ம பாஷை மட்டும் என்ன வாழுதாம்? அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு லீவு கேட்டீங்களே, யாரு அம்மான்னு சொன்னீங்களா?"

"ஸ்கூல்ல கேட்டாங்களே. எந்த அம்மான்னு. போன மாசமும் ஒரு அம்மாவுக்குச் சொல்லியிருந்தேன்."

அனுபவத்தில் அவள் சில வழிகளைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். உடம்பின் உறுப்பென்றால் செய்தவருக்கே சொந்தம். உறவென்றால் மரியாதையைப் பார்த்தால் தெரிந்துவிடும். தன் தாயைப் பிறரிடம் குறிப்பிட அடக்கமான ஒரு சொல். எதிரே இருப்பவரின் தாய்க்குப் பணிவான வேறொரு சொல். மனைவி, குடும்பம் எல்லாவற்றுக்கும் இப்படித்தான். ஆனால் பொருள்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சுத்தியல், தொப்பி, பூட்டு எல்லாம் யார் கையில் இருந்தாலும் ஒரே சொல்தான். அந்த இடங்களில் நேரே போய்க் கேட்டுவிடுவாள்.

இயந்திரம் பழுது பார்க்கும் ஃபிட்டர் ஒருவன் இருந்தான். ஸ்பானர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், அப்படி ஒல்லி. மதிய இடைவேளையில் அவள் அறை வாசலில் வந்து நின்று வார்த்தை கேட்பான்.

"அக்கா, போய்த் தொலைன்னு மரியாதையா எப்படிச் சொல்றது?"

"அந்த பாஷையில அது கிடையாது. கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லுவாங்க. அதுக்கே அர்த்தம் அதுதான்."

அன்று முழுவதும் கண்ணில் பட்டவர்களையெல்லாம் ஜப்பானியத்தில் பொறுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவனுக்கு மனைவியும், பத்தாவது படிக்கும் ஒரு மகளும் இருந்தார்கள்.

ஒருநாள் காலையில் கடைசி வரிசை இயந்திரத்தில் பிளாஸ்டிக் சிக்கிக்கொண்டது. இரண்டு அச்சுகளும் ஒன்றை ஒன்று நெருங்கி இறுக மூடும் இயந்திரம் அது. ஸ்பானர் நடுவில் புகுந்து சிக்கியதை எடுத்துக்கொண்டிருந்தான். அப்போது மின்சாரம் வந்தது. மாடியில் இருந்த அவளுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. பிறகு இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நிற்பது மட்டும் கேட்டது. எல்லாம் நின்றபின் கூடத்தில் இருந்த அமைதியைப் போல ஒன்றை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. கீழே இறங்கப் போனவளைப் படியிலேயே தடுத்துவிட்டார்கள்.

இயந்திரத்துக்குள் போகிறவர் முதலில் மின்சாரத்தை நிறுத்தி, அந்த சுவிட்சில் தன் பூட்டை மாட்டிவிட்டுப் போகவேண்டும். சாவி அவர் சட்டைப்பையில் இருக்கும். அவர் வெளியே வந்து தானே திறக்கும்வரை வேறு யாரும் அந்த சுவிட்சைப் போட முடியாது. இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. எல்லாப் பூட்டும் ஒரே சிவப்பு. பெயர் எழுதித் தொங்கவிடும் அட்டை தீர்ந்துபோய் வெகுநாளாகியும் யாரும் வாங்கவில்லை.

மின்சாரத்தைப் போட்டவர் ஜப்பானிய எஞ்சினியர். வெயிலோ மழையோ எப்போதும் குடையோடு நடப்பதால் தொழிலாளிகள் அவரைக் குடை சார் என்பார்கள். சாதுவான மனிதர். அன்று காலை ஸ்பானரோடு சேர்ந்து அவரும் தன் பூட்டை மாட்டி அந்த இயந்திரத்தைப் பழுது பார்த்திருந்தார். மறுநாள் அவர் எழுதித் தந்த வாக்குமூலம் அவள் மேசைக்கு வந்தது. நடுவில் ஒரு வரி: 'காகி ஓ ஹஸுஷி, தெங்கென் ஓ இரெத்தா.' பூட்டைக் கழற்றி மின்சாரத்தைப் போட்டேன்.

தமிழிலும் அது முழுமையான வாக்கியம்தான். ஆங்கிலத்துக்கு வரும்போது அவள் விரல் நின்றது. அவர் தன் பூட்டைக் கழற்றினார் என்றால், செத்தவன் பூட்டே மாட்டவில்லை, தவறு அவனுடையது. கழற்றியது செத்தவனின் பூட்டு என்றால் கதையே வேறு.

பார்த்துச் சொல்லவும் பூட்டு மிஞ்சவில்லை. குடை சார் கழற்றிய கையோடு பழக்கதோஷத்தில் அதைப் பூட்டுப் பெட்டிக்குள் போட்டிருந்தார். உள்ளே எல்லாம் சிவப்புப் பூட்டுகள். சாவி இருந்திருக்க வேண்டிய ஸ்பானரின் சட்டைப்பையைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசும் நிலையில் அது இல்லை.

அவள் குடை சாரைத் தேடிப் போனாள். கூட்ட அறையில் தனியாக, எதிரே ஆறிப்போன தேநீரோடு உட்கார்ந்திருந்தார். அவர் மொழியிலேயே கேட்டாள்: "அது யாரோட பூட்டு?"

அவர் தேநீர்க் கோப்பையை ஓரமாக நகர்த்திவைத்தார்.

"அவரோடது. என்னோடத முன்னாடியே எடுத்துட்டேன். அவர் வேலைய முடிச்சிட்டு டீக்குப் போனவர் பூட்ட எடுக்க மறந்துட்டார்னு நினைச்சேன். மேனேஜர் போன் மேல போன் போட்டு மெஷின் ஏன் ஓடலன்னு கேட்டார். ஆபீஸ்ல மாற்றுச் சாவி இருந்துச்சு."

"உள்ள எட்டிப் பார்க்கலையா?"

"பார்க்கல."

"அத எழுதலாமே."

"எழுதியிருக்கேனே," என்றார் அவர்.

அந்த வரியில் எல்லாம் அடங்கிவிட்டது என்று உண்மையாகவே நினைத்தாரா, அல்லது தெரிந்தேதான் அப்படி எழுதினாரா என்பது அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அறைக்குத் திரும்பி 'அவருடைய பூட்டை' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாள்.

சாயங்காலம் பிளான்ட் மேனேஜர் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. உட்காரச் சொன்னார்.

"மூலத்துல அவருடையன்னு இருக்காம்மா?"

"இல்ல சார்."

"அப்புறம் இதுல எங்கேர்ந்து வந்துச்சு?"

"அவர்கிட்டயே போய்க் கேட்டேன் சார்."

"நீங்க போலீஸா?"

"என்னுடையன்னும் அதுல இல்லையே சார்."

மேனேஜர் அந்தத் தாளை மடித்து மேசை இழுப்பறைக்குள் போட்டார். "சரிதான். அவரையே தெளிவா எழுதித் தரச் சொல்லிடுவோம்," என்றார்.

அதற்குள் குடை சாரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மனநலம் சரியில்லை, ஓய்வு தேவை என்று சொன்னார்கள். அது பொய்யாக இருந்திருக்காது. புதிய வாக்குமூலம் அங்கிருந்து மின்னஞ்சலில் வந்தது. மற்ற வரிகளெல்லாம் பழையபடியே. அந்த ஒரு வரியில் மட்டும் ஒரு சொல் கூடியிருந்தது: 'ஜிபுன் நோ காகி.' தன் சொந்தப் பூட்டு. இத்தனை வருடத்தில் எந்த ஜப்பானியரும் தன் பொருளை இவ்வளவு அழுத்தி உரிமை கொண்டாடி அவள் பார்த்ததில்லை. அதை மொழிபெயர்க்க அவளுக்கு மூச்சு விடும் நேரம் போதுமானதாக இருந்தது. யோசிக்க ஒன்றுமே இல்லை. உள்ளது உள்ளபடி எழுதினாள்.

விசாரணைக்கு அரசாங்க அதிகாரி வந்தார். முந்தின நாள் மாலை வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்திருந்தாள்.

"நடந்தத சொல்லிட்டு வா. வேலை போனா போகட்டும். வேன் ஓடிட்டுத்தானே இருக்கு," என்றார் அவர்.

அதிகாரி அவளிடம் கேட்டது ஒரே கேள்விதான்: இரண்டாவது வாக்குமூலத்தின் மொழிபெயர்ப்பு சரியானதா?

"மொழிபெயர்ப்பு சரி. சொன்ன விஷயம் சரியில்ல சார்," என்றாள் அவள். கூட்ட அறையில் கேட்டதை ஒன்று விடாமல் சொன்னாள். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ அந்த ரூம்ல வேற யாராவது இருந்தாங்களா?"

"இல்ல சார்."

"அவர் அப்படிச் சொல்லவே இல்லன்னா?"

மொழிபெயர்ப்பு சரியென்ற இடத்தில் அவர் விரலை வைத்துக் காட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். அவள் சொன்ன மற்றதெதுவும் அறிக்கையில் ஏறவில்லை.

வேலை போகும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு போனவளுக்கு வேலைகூடப் போகவில்லை. மேனேஜர் எப்போதும்போல வணக்கம் சொன்னார். அதுதான் அவளைத் தின்றது.

ஸ்பானர் தன் பூட்டை மாட்டாமல் உள்ளே போனதால் செத்தான் என்று முடிவானது. நஷ்டஈடு இல்லை, கருணை அடிப்படையில் மனைவிக்கு கேன்டீனில் வேலை கொடுத்தார்கள். அடுத்து, எல்லாச் சுவரிலும் ஒட்டுவதற்கு ஒரு சுவரொட்டி தயாரானது. ஜப்பானியத்தில் வந்ததைத் தொழிலாளிகளுக்காகத் தமிழில் தரச் சொன்னார்கள். 'சக ஊழியர் ஒருவர் தன் பூட்டை மாட்டத் தவறியதால் உயிரிழந்தார். உங்கள் உயிர் உங்கள் பூட்டில்.' அவள் எழுதிக் கொடுத்தாள். ஒரு எழுத்தைக்கூட அடித்துத் திருத்தாமல் எழுதியதைப் பின்னாளில் வீட்டுக்காரரிடம் அவள் பலமுறை சொன்னாள்.

கேன்டீனில் தட்டு கழுவும் தொட்டிக்கு நேர் எதிரே ஒன்றை ஒட்டினார்கள். ஸ்பானரின் மனைவி நாள் முழுவதும் அதைப் பார்த்தபடிதான் தட்டு கழுவ வேண்டும். ஜப்பான் அக்கா சாப்பிடக் கீழே போவதை நிறுத்திக்கொண்டாள். வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவந்து அறைக்குள்ளேயே சாப்பிட்டாள். ஒருநாள் அந்தப் பெண்ணே மாடிக்கு ஏறி வந்தாள். முழங்கைவரை ஈரம்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு. அவர் பூட்டு மாட்டினாரா இல்லையா?"

"மாட்டினாரு."

"அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேம்மா. யாரும் எழுதிக்கல."

"என் பொண்ணு அவ அப்பா படத்தத் திருப்பி வெச்சிருக்கா. ஒரு பூட்டு மாட்டத் தெரியலையான்னு. நீங்க வந்து சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா."

ஞாயிற்றுக்கிழமை போனாள். ஒற்றை அறை, ஒழுங்காக அடுக்கிய புத்தகங்கள், சுவரைப் பார்த்தபடி ஒரு படம். மகளுக்கு அப்பாவின் ஒல்லி உடம்பு. குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் சொன்னாள்:

"அந்த போஸ்டர் நீங்க எழுதினதுதானாமே."

"ஆமா."

"அதுல அப்பா பேரு இல்ல. ஆனா யாருன்னு எல்லாருக்கும் தெரியும். எங்க ஸ்கூல்ல கூடத் தெரியும்."

"ஆமாம்மா."

"அதக் கிழிச்சிட்டு வந்து என்கிட்ட சொல்லுங்க."

தாய் மகளை அதட்டினாள். ஜப்பான் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், கேன்டீன் நிறைய ஆட்கள் இருக்கும்போது, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி அதைக் கிழித்தாள். சிலர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். சாயங்காலத்துக்குள் அதே இடத்தில் புதியது ஒன்று வந்துவிட்டது. கட்டுக்கட்டாக அச்சடித்து வைத்திருந்தார்கள். அதையும் கிழித்தாள். மேனேஜர் கூப்பிட்டார்.

"ஏம்மா கிழிச்சீங்க?"

"மொழிபெயர்ப்பு தப்பு சார்."

"நீங்க செஞ்சதுதானே?"

"அதனாலதான் தெரியும்."

இந்தமுறை வேலை போனது. சுவரொட்டி போகவில்லை.

இப்போது வீட்டிலிருந்தபடியே வெளிக் கம்பெனிகளுக்காக, துணி துவைக்கும் இயந்திரங்களின் கையேடுகளை மொழிபெயர்க்கிறாள். மூடியைத் திற, துணியைப் போடு. யாருடைய துணி என்று யாரும் கேட்பதில்லை. வீட்டுக்காரர் கேலி பேசுவதைக் குறைத்துக்கொண்டார். ஸ்பானரின் மனைவி அதே தொட்டியில்தான் நிற்கிறாள். வேறு வழி இல்லை. குடை சாரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. அவரிடம் மறுபடியும் கேட்கவேண்டும் என்று அவள் இரண்டு முறை மின்னஞ்சல் எழுதினாள். இரண்டும் அனுப்பிய வேகத்தில் திரும்பி வந்தன.

போன மாதம் பேருந்தில் அந்த மகளைப் பார்த்தாள். கழுத்தில் கல்லூரி அட்டை தொங்கியது. நெரிசலில் இருவரும் கைக்கெட்டும் தூரத்தில் நின்றார்கள். "கிழிச்சேன்மா. அப்புறமும் ஒட்டிட்டாங்க," என்றாள் ஜப்பான் அக்கா.

"அம்மா சொன்னாங்க," என்றாள் அந்தப் பெண். அடுத்த நிறுத்தம் வந்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.