அம்மா விரலும் என் பதினாறு வரியும்

கோவம் வந்தா எனக்கு வாய் நிக்காது. அதனாலதான் ராப் பாட ஆரம்பிச்சேன், வேற ஒரு மண்ணும் காரணம் கிடையாது. கோவில்பட்டியில ஒரு செல்போன் கடையில ஸ்கிரீன் கார்டு ஒட்டுத வேலை எனக்கு. ஊரு இடைசெவலுக்கும் உள்ள தள்ளி, பஸ்ஸ விட்டா ஒரு மணி நேரம் வெயில்ல காயணும். நாள் பூரா கடையில சிரிச்சுக்கிட்டே நின்னுட்டு, வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து அம்மா சேலைகளுக்கு நடுவுல தலையை விட்டுப் பாடுவேன். எங்க ஊரு காத்துல வெளிய நின்னு பாடினா ரெக்கார்டுல காத்துதான் இருக்கும். சேலைக்குள்ள குரல் சுத்தமா விழும். முகம் காட்டாம, சொந்தப் பேரு போடாம நெட்ல ஏத்துவேன். கேக்கதே கொஞ்சப் பேரு. அதுல பாதிப் பேரு, பொம்பளப் பிள்ளைக்கு இது தேவையான்னு கேட்டு எழுதுதவனுக.

அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. எங்க பக்கம் கம்பெனின்னு சொல்ல மாட்டோம், ஆபீஸ்னுதான் சொல்லுவோம். வெளியூர்க்காரங்க அம்மா ஏதோ மேஜை போட்டு உக்காந்திருக்கான்னு நெனைப்பாங்க. தரையில உக்காந்து குச்சி எடுத்துப் பெட்டி அடைக்கா. நான் பொறக்கதுக்கு முன்னாடியிருந்து அடைக்கா. அட்டையில உரசி உரசி விரல் நுனி வழுவழுன்னு ஆயிருச்சு. ரேஷன் கடை மிஷின்ல விரல் வச்சா ரேகை விழாது. கீக்குன்னு கத்தும், செகப்பு எரியும். அம்மா விரலைச் சேலையில துடைச்சுட்டு மறுபடி வைப்பா. மறுபடி கத்தும். கடைசியில நான் கடைக்கு லீவு சொல்லிட்டுப் போயி என் விரலை வச்சாத்தான் எங்க வீட்டுக்கு அரிசி.

ஒருநாள் ரேஷன் கடை அண்ணாச்சி எல்லார் முன்னாலயும், "ஒனக்குத்தான் ரேகையே இல்லையே, நீ நீதான்னு நான் எப்படி நம்ப?"ன்னு கேட்டாரு. வரிசையே சிரிச்சுது. அம்மாவும் சேந்து சிரிச்சா. அவ சிரிச்சதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. சாயங்காலமே பதினாறு வரி எழுதிட்டேன்.

பீட்டுக்கு எங்க தெருப் பொம்பளைக முளைப்பாரிக்குக் கும்மி பழகும்போது தட்டுன கைத்தட்டலை போன்ல புடிச்சு வச்சிருந்தேன். அதுமேலதான் பாடினேன். அது எப்படியோ சென்னையில ஒருத்தன் காதுக்குப் போயிருக்கு. அவன் கொஞ்சம் பெரிய ஆளு, பாட்டு விட்டா ஆட்டோவுல எல்லாம் ஓடும். சேந்து பண்ணுவோம் சிஸ்டர்னான். நான் தரையில நிக்கல. குரலையும் கைத்தட்டலையும் தனித்தனியா அனுப்பி வச்சேன்.

பாட்டு வந்துச்சு. என் பதினாறு வரியில ஒரு வரிகூட இல்லை. நடுவுல நான் சும்மா இழுத்த தன்னானே மட்டும் இருக்கு. அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் அவன் கத்துதான். அருவாளாம், ரத்தமாம், கரிசக்காட்டுச் சிங்கமாம். கரிசக்காட்டுல எங்கலே இருக்கு சிங்கம்? போன் போட்டுக் கேட்டேன். கொஞ்சம்கூடக் கூசாமச் சொன்னான்: "ரேஷன், ரேகை எல்லாம் யாருக்கு கனெக்ட் ஆகும் சிஸ்டர்? உங்க ஹம்மிங்லதான் மண்வாசனை இருக்கு."

மண்வாசனை. மழை பெஞ்ச மறுநாள் அவனை எங்க காட்டுல நடக்க விடணும். செருப்பு ரெண்டையும் மண்ணு புடுங்கிக்கிடும், அப்ப மோந்து பாக்கட்டும். போனை வச்சுட்டு கடைக்குப் பின்னால நின்னு அழுதேன். அழுகை இல்ல, அம்புட்டும் ஆத்திரம்.

அதைவிடக் கொடுமை, அம்மா அந்தப் பாட்டை மினி பஸ்ஸுல கேட்டுட்டா. எம்மவ குரல்னு டிரைவர்ல இருந்து ஆபீஸ்ல கூட வேலை பாக்கவங்க வரைக்கும் சொல்லியிருக்கா. நான் எழுதினது அவளைப் பத்தித்தான்னும், சென்னைக்காரன் வெட்டித் தூரப் போட்டது அவளைத்தான்னும் அவளுக்குத் தெரியாது. அன்னைக்கு முடிவு பண்ணேன், அந்தப் பதினாறு வரியையும் அம்மா கேக்கணும். அவளைப் பாத்துச் சிரிச்ச ஊரும் கூட நின்னு கேக்கணும்.

அதுக்குத் தோதா அம்மன் கோயில் பொங்கல் வந்துச்சு. எங்க ஊர்ல பொம்பளை கையில மைக் வாரது அந்த ஒரு மணி நேரம்தான், முளைப்பாரிக் கும்மி அப்ப. பாரியை நடுவுல வச்சு வட்டமா நின்னு ஒருத்தி பாட, மத்தவ கை தட்டுவா. ஒரு சட்டம் உண்டு. பாட்டு ஆரம்பிச்சு முடியத வரைக்கும் தட்டுத கை நிக்கக் கூடாது, நின்னா அம்மனுக்கு ஆகாது. அது தெரிஞ்சுதான் மைக்கை வாங்கினேன்.

முதல் ரெண்டு வரிக்கு எல்லாரும் ஏதோ புதுக் கும்மின்னு நெனைச்சுத் தட்டினாங்க. "எங்கம்மா விரலுல ரேகையே இல்ல, ரேகை இல்லாதவளுக்கு அரிசியும் இல்ல"ன்னு நான் வேகம் புடிக்கவும் முழிச்சாங்க. ஆனா கை நிக்கல, நிக்க முடியாதுல்ல. பத்தாவது வரியில கமிட்டிக்காரர் ஒருத்தர் சவுண்ட் சர்வீஸ்காரன்கிட்ட ஓடினாரு. மைக் செத்துப் போச்சு. மிச்ச ஆறு வரியையும் தொண்டை கிழியக் கத்திப் பாடி முடிச்சேன். வட்டத்துல அம்மாவும் நின்னா. தலையைக் குனிஞ்சுக்கிட்டே தட்டினா.

அம்மா வந்து கட்டிப் புடிப்பான்னு நெனைச்சேன். கண்மாயில பாரியைக் கரைச்சுட்டுத் திரும்பி வரும்போதுதான் வாயைத் திறந்தா.

"யாரைக் கேட்டுட்டி என் விரலை மைக்ல ஏத்துன?"

ஒனக்காகத்தாம்மா பாடினேன்னேன்.

"அந்த அண்ணாச்சி பத்துப் பேரு முன்னால சொன்னாவ. நீ ஊருக்கே சொல்லிட்ட. என் விரல்ல என்னட்டி குறை? பெட்டி அடைக்கு, சோறு பொங்குது, ஒனக்குத் தலை சீவி விட்டுச்சு. மிஷினுக்குத் தெரியலன்னா மிஷினைத் திட்டு."

ரெண்டு நாள் நான் அவகூடப் பேசல. பாட்டு எழுதினவளுக்கு இதுதான் மரியாதையான்னு எனக்குள்ள பொங்குது. மூணாம் நாள் கடையில யாரோ ஒருத்தர் போனுக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்டிக்கிட்டு இருக்கும்போது என் முதல் வரி வாயில வந்துச்சு. எங்கம்மா விரலுல ரேகையே இல்ல. அது அந்த அண்ணாச்சி சொன்னதுதான். அவிய பேசினதை நான் தாளம் போட்டுப் பாடியிருக்கேன். சென்னைக்காரன் என்னைக் கேக்காம வெட்டினான், நான் அம்மாவைக் கேக்காம ஒட்டியிருக்கேன். கார்டுக்கு அடியில காத்துக் குமிழி விழுந்துருச்சு, அந்தக் கார்டைப் பிச்சு எறிஞ்சுட்டு வேற எடுத்தேன். வீட்டுக்குப் போயி, வா சேந்து எழுதுவோம்னு அம்மாவைக் கூப்பிட்டேன். உலையை இறக்கிட்டு வாரேன்னா.

அடுத்த மாசம் ரேஷனுக்கு ரெண்டு பேரும்தான் போனோம். அம்மா எப்பவும் போலச் சேலையில விரலைத் துடைக்கல. நேரா வச்சா. கீக். அண்ணாச்சி என்னைப் பாத்து, நீ வந்து வையின்னாரு. நான் முன்னால போனேன். அம்மா இடது கையை நீட்டி மறிச்சுட்டா.

"அண்ணாச்சி, என் விரல்ல ஒண்ணும் இல்ல. ஒங்க மிஷினைத் துடைங்க."

வரிசையில ஒருத்தரும் சிரிக்கல. அவிய சட்டை நுனியால மிஷின் கண்ணாடியைத் துடைச்சாவ. அம்மா மறுபடி வச்சா. கீக். மறுபடி. கீக். நான் போனை எடுத்து ரெக்கார்டை அமுக்கினேன். அந்தச் சத்தம்தான் இப்ப என் பீட்டு, எந்தச் சென்னைக்காரன் கேட்டாலும் குடுக்க மாட்டேன். பதினாறு வரியும் புதுசு, ரெண்டு பேரும் சேந்து எழுதினது. "எங்கம்மா விரலுக்கு ஒண்ணுமே இல்ல, ஒன் மிஷினுக்குத்தான்யா கண்ணு இல்ல"ன்னு ஆரம்பிக்கும். அம்மா கேட்டுச் சரின்னு சொன்ன பிறகுதான் பீரோவுக்குள்ள தலையை விட்டேன்.

அன்னைக்கு ரேஷன் கடையில கடைசி வரைக்கும் மிஷின் அம்மாவை ஒத்துக்கிடல. பின்னால வரிசை தெரு முக்கு வரைக்கும் நீண்டுபோச்சு. அம்மா விரலை எடுக்கல.