சேவல் மார்க்கை இழுத்த கெடா மார்க்

அன்றைக்கு பாகூர் ரோட்டில் இருந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். நான். என் டிரைவர் சவரிமுத்து. ‘சேவல் மார்க்’ வண்டிக்காரர் சொல்தா ராமலிங்கம். புதுக்குப்பத்திலிருந்து அந்த வண்டியில் மீன் ஏற்றிக்கொண்டு வந்த அஞ்சலை. அவ்வளவுதான்!

எதற்கு இந்த ஆஜர் பட்டியல் என்கிறீர்களா? நடந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்குள் எம்பலம் டீக்கடையில் மட்டும் ஒரு பெஞ்சு நிறைய சாட்சிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். “நான்தானே கயிறு கட்டுனேன்” என்று ஒருவர் என்னிடமே சொல்கிறார். கயிறு கட்டியது நான். உள்ளங்கை இன்னும் எரிகிறது. வேண்டுமானால் வந்து பார்க்கலாம்.

என் வண்டியைப் பற்றி இந்தப் பக்கத்தில் இனி எழுதக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. “ஊரே சிரிக்குது... பொண்டாட்டி புள்ளைய பத்தி ஒரு வரி எழுதனதில்ல, வண்டிக்கு பக்கம் பக்கமா எழுதறியே” என்கிறாள். உண்மைதான். ஆனால் இந்த வாரம் எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சும்மாவே வராது.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. என்னுடையது பட்டாளத்து டிஸ்போசல் வண்டி. சண்டை முடிந்து மதராஸில் ஏலம் விட்டார்களே, அந்த அமெரிக்கச் சரக்கு. லாரிக்குத் தம்பி, காருக்கு அண்ணன். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. நான்கு சக்கரமும் இழுக்கும். பானட் மூக்கில் ஒரு ஆட்டுக்கிடா தலை. அதனால் இந்தப் பக்கத்தில் அதற்குப் பெயர் கெடா மார்க்.

ஒரே ஒரு விசேஷம்... ஸ்டீரிங் இடது பக்கம்.

அப்படியென்றால் என்ன அர்த்தம்? ஊரில் மற்ற வண்டிகளில் டிரைவர் உட்காருகிற இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஸ்டீரிங் இல்லாத டிரைவர்! எதிரே பஸ் வருகிறதா, முன்னால் போகும் கட்டை வண்டியைத் தாண்டலாமா — எல்லாம் நான்தான் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். போகலாம் என்றால் ‘ரைட்’. கூடாது என்றால் ‘ஹோல்டான்’. இரண்டே வார்த்தைதான் எங்கள் பாஷை.

அதில் ‘ரைட்’ என் வாயில் அதிகம் வராது. ஒரு மைல் தள்ளி மாடு தெரிந்தாலும் ஹோல்டான். காய்ந்த பனை ஓலை பறந்தாலும் ஹோல்டான். “மொதலாளி, நீங்க சொல்றத கேட்டு ஓட்டுனா வண்டி வூட்டுலயேதான் நிக்கும்” என்பான் சவரி. என்ன செய்ய? கவலை என் கூடப் பிறந்தது. காலையில் வண்டி எடுக்கும் முன் ஆயில் பார்ப்பேன். ரேடியேட்டர் தண்ணீர் பார்ப்பேன். பார்த்ததைச் சரியாகப் பார்த்தேனா என்று மறுபடி பார்ப்பேன். இருக்கைக்கு அடியில் ஃபேன் பெல்ட் இரண்டு, தண்ணீர் டின், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, தாம்புக் கயிறு — போன வருஷம் வாங்கியது, தேங்காய் நார், கை மணிக்கட்டு கனம். அதை ஒருநாளும் அவிழ்த்ததில்லை. “தேர் இழுக்க போறியா?” என்று கேட்காதவர் இல்லை.

கண்ணாடி விஷயமும் அப்படித்தான். கம்பெனி வைத்த கண்ணாடி உள்ளங்கை அளவு. தொட்டியில் மூட்டை அடுக்கிவிட்டால் அதில் மூட்டைதான் தெரியும். மூட்டை பின்னால் இருப்பது எனக்குத் தெரியாதா? அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்பதல்லவா என் கவலை! வில்லியனூர் பட்டறையில் சொல்லி, ஒரு முழ நீளத்துக்கு இரும்புக் கம்பி வைத்து, சலூன் கண்ணாடி ஒன்றை இரண்டாக வெட்டி, இரண்டு பக்கமும் மாட்டினேன். ரோட்டில் போகும்போது ஆட்கள் அதில் தலை சீவிக்கொள்கிறார்கள் என்பது தவிர வேறு குறை இல்லை.

சொல்தா அண்ணன் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இன்னாய்யா, கெடாவுக்கு கொம்பு மொளச்சிடுச்சா?”

சொல்தா என்றால் எங்கள் பக்கத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். பென்ஷன், மீசை, மிடுக்கு — மூன்றும் உண்டு. அவருடைய சேவல் மார்க், மூக்கில் சேவல் பொம்மையோடு கப்பலில் வந்து இறங்கிய பிரெஞ்சு வண்டி. நானும் பொய் சொல்லக் கூடாது... அழகான வண்டி. சத்தமே போடாது. கதவைச் சாத்தினால் பெட்டகம் சாத்துகிற மாதிரி இருக்கும். ஆனால் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய பிறகு ஸ்பேர் வருவது குறைந்துபோனது. அதைச் சொன்னால் அண்ணனுக்குக் கோபம் வரும். “பாரீசுல இன்னும் முழுசா ஒப்புக்கல, தெரியுமா? கப்பல் வரும், ஸ்பேர் வரும்” என்பார். ஒரு நட்டு போல்ட்டுக்குக்கூட ராஜாங்க விவகாரம்!

யோசித்துப் பாருங்கள். வண்டி வாங்குகிறவரைக்கும்தான் அது வண்டி. வாங்கிய பிறகு அது குலதெய்வம். பக்கத்து வீட்டுக்காரன் வண்டி நின்றால் நமக்குள் ஒரு சின்ன விளக்கு எரிகிறது. நம் வண்டி நின்றால்? “ரோடு சரியில்ல” என்கிறோம். நான் மட்டும் விதிவிலக்கா? கெடா மார்க் ஒருமுறை வைக்கோல் போருக்குள் புகுந்தபோது, வைக்கோல் போர் மேல்தான் தப்பு என்று நான் அரை மணி நேரம் வாதாடினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்று காலை கரியமாணிக்கத்தில் நெல் ஏற்றிக்கொண்டு வில்லியனூர் போகிறோம். தொட்டிக்கு மேலே ஒரு ஆள் உயரத்துக்கு மூட்டை. ரோட்டோரத்தில் சேவல் மார்க் நிற்கிறது. இஞ்சின் ஓடுகிறது, ஹாரன் அடிக்கிறது, வண்டி மட்டும் நகரவில்லை. கிளட்ச் பிளேட் தேய்ந்துபோயிருக்கிறது.

“இஞ்சின்ல ஒரு கொறையும் இல்ல” என்றார் அண்ணன், நாங்கள் கேட்பதற்கு முன்பே. “கேளு, எம்மாம் சுத்தமா ஓடுது!”

“ஓடுது சரி, போவலியே?” என்றாள் அஞ்சலை.

அவள் கூடைகள் மேல் ஈரச் சாக்கு போட்டு, கையால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். பொதுவாகத் தலைச்சுமையாக நான்கு ஊர் நடந்து விற்கிறவள். முதல் தடவையாக வண்டி பிடித்திருக்கிறாள். கரையில் இருந்த அத்தனை பேரிடமும் “வில்லியனூர் சந்தையில நல்ல வெலைக்கு தள்ளிட்டு வரேன்” என்று பேசி, அவர்கள் மீனையும் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். அது நாறிப்போனால்? நாளைக்குக் கரையில் அவளுக்கு யார் கூடை கொடுப்பார்கள்? வெயில் ஏற ஆரம்பித்திருந்தது.

“அண்ணே, ஒன் வண்டியில ஏத்திக்கயேன்” என்றாள்.

நெல் மூட்டை மேல் மீன் தண்ணீர் சொட்டினால் வியாபாரி வாங்குவாரா? நான் பதில் சொல்வதற்குள் சொல்தா அண்ணன் குறுக்கே வந்தார். “என் வண்டியில ஏத்துனது என் வண்டியிலதான் போவும்!”

“எப்ப? கப்பல் வந்தப்பறமா?” இது சவரி.

நான் அடிக்குரலில் சொன்னேன்: “அண்ணே... எங்கிட்ட கயிறு இருக்குது.”

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சேவலைக் கெடா இழுப்பதா? மாடு கட்டி இழுக்கலாம் என்றார். ஆள் வைத்துத் தள்ளலாம் என்றார். அஞ்சலை இடுப்பில் கை வைத்தாள்.

“இந்தாய்யா சொல்தா, இந்த மீனு கெட்டுச்சுனா நானு ஒன் வூட்டு வாசல்லதான் கொண்டாந்து கொட்டுவேன். ஒன் சேவலும் இவரு கெடாவும் எனக்கு கொழம்புக்குதான் ஆவும். கட்டுய்யா கயித்த!”

கட்டினோம். அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வில்லியனூர் வருவதற்கு முன்னால் அவர் குரல் கொடுப்பார். அந்த இடத்தில் நிறுத்திக் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். அங்கிருந்து ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். ஊருக்குள் யாருக்கும் தெரியக் கூடாது. “ஒரு கவுரவம் இருக்குது இல்ல தம்பி?” என்றார். எனக்குப் பாவமாகவே இருந்தது. சத்தியமாக ஒப்புக்கொண்டேன்.

நெல் பாரம் ஒன்று. பின்னால் ஒரு வண்டி, மீன், ஒரு சொல்தா, ஒரு அஞ்சலை. எனக்கு நெஞ்சு அடித்த அடி இஞ்சினைவிடப் பெரிசு. கயிறு தாங்குமா? கொக்கி பிய்த்துக்கொண்டு வருமா? ஏரிக்கரை மேட்டில் சவரி கியரை இறக்கி, முன் சக்கரத்தையும் சேர்த்துவிட்டான். கெடா ஒரு முறை தலை குனிந்த மாதிரி இருந்தது... அப்புறம் ஏறியது பாருங்கள்! ஒரு உதறல் கிடையாது, ஒரு புகை கிடையாது. நான் டேஷ்போர்டைத் தட்டிக் கொடுத்தேன். சவரி பார்த்துவிட்டான்.

அந்தச் சலூன் கண்ணாடி இல்லாமல் இது நடந்திருக்காது. மூட்டைக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டு, பின்னால் கயிறு, கயிற்றுக்குப் பின்னால் சேவல், அதன் ஜன்னலில் அண்ணனின் மீசை வரை காட்டியது. கயிறு தொய்ந்தால் ‘ஹோல்டான்’. இறுகினால் ‘ரைட்’. வழி முழுக்க நான் ஒரு நாடியைப் பிடித்துக்கொண்டு வந்த மாதிரிதான்.

மங்கலம் தாண்டி, வில்லியனூர் நெருங்குகிறது. பின்னாலிருந்து குரல் கேட்டது.

“அறுத்தே! அறுத்தே!”

எனக்கு உயிரே போய்விட்டது. கயிறு அறுந்துவிட்டதா? தலையை வெளியே நீட்டிக் கண்ணாடியைப் பார்த்தேன். கயிறு கம்பி மாதிரி நிற்கிறது.

“அறுக்கல அண்ணே! கெட்டியா இருக்குது! பயப்படாதீங்க!” என்று கத்தினேன்.

“அறுத்தே! அறுத்தே!” என்று அவர் இன்னும் பலமாகக் கத்தினார்.

“ஒரு பிரி கூட போவலண்ணே! நல்ல கயிறு!” சவரி பக்கம் திரும்பினேன். அறுந்துவிடும் என்று அவர் பயப்படுகிறார் என்றால், நிறுத்தி மறுபடி இழுத்தால்தான் ஆபத்து. ஒரே இழுவையாகப் போய்விடுவதுதான் நல்லது. “ரைட், சவரி! ரைட்! நிக்காத!”

சவரி என்னை ஒரு மாதிரி பார்த்தான். என் வாயிலிருந்து அத்தனை ‘ரைட்’ அவன் கேட்டதே இல்லை. அந்தச் சந்தோஷத்திலேயே மிதித்தான்.

பிரெஞ்சு தெரிந்த வாசகர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். சொல்தா அண்ணன் தமிழில்தான் சாப்பிடுவார், தமிழில்தான் திட்டுவார். அவசரம் என்றால் மட்டும் பட்டாளத்து பிரெஞ்சுதான் வாயில் வரும். ‘அரெத்தே’ என்றால் ‘நிறுத்து’ என்று அர்த்தமாம்! எனக்கு எப்படித் தெரியும்? பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வாத்தியார் என் வகுப்புக்கு வருவதற்கு முன்பே நான் பள்ளிக்கூடத்தை விட்டு வந்துவிட்டேன்.

இப்படியாக, அந்த மனிதர் நிறுத்து நிறுத்து என்று கத்தக் கத்த, நான் அவருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே அவரை வில்லியனூர் சந்தைக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.

சந்தை அப்படியே நின்றது. அண்ணன் இரண்டு கையையும் ஆட்டுகிறார். கும்பிடு போடுகிறார் என்று நினைத்து ஜனம் பதில் கும்பிடு போடுகிறது. யாரோ ஒருவன் வெற்றிலைக் கடை பக்கத்திலிருந்து கூவினான்: “டேய், சேவல கெடா இஸ்துக்கினு வருதுடா!” அவ்வளவுதான். கத்தரிக்காய் விற்கிறவர்கள்கூட எழுந்து வந்துவிட்டார்கள்.

இறங்கி வந்தார் அண்ணன். மீசை துடிக்கிறது. “அரெத்தேன்னா நிறுத்துன்னு அர்த்தம்யா! வேணும்னே பண்ணிட்டியே!”

“எங்க ஊர்ல அறுத்தேன்னா அறுத்ததுதாண்ணே... நான் கயித்த பாத்தேன்...” என்று கண்ணாடியைக் காட்டினேன்.

அஞ்சலை ஒரு மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். சிவப்பு. அவள் முகத்தில் அப்போதுதான் ரத்தம் வந்தது. “நிறுத்தியிருந்தா ஆள தேடி, தள்ளி, எப்ப வந்து சேந்திருப்போம்? அந்தண்ணன் காதுல தப்பா வுழுந்ததுதான்யா என் குடும்பத்த காப்பாத்துச்சு” என்றாள். கூட்டத்தைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் மீனோடுதான் திரும்பினார்கள். கடைசிக் கூடை கவிழ்ந்தபோது நான் நெல்லை இறக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது சொல்தா அண்ணன் என்னிடம் வந்து ஒரு ஐந்து ரூபாய் நோட்டை நீட்டினார்.

“இந்தா தம்பி, இழுத்து வந்ததுக்கு வாடக.”

கை நீட்டப் போனேன். நல்லவேளை, சவரி இருமினான். அண்ணன் கண்ணைப் பார்த்தேன். புரிந்துவிட்டது! வாங்கிவிட்டால் அவர் என்னை வாடகைக்குப் பிடித்தவர் ஆகிவிடுவார். ‘வண்டி ரிப்பேரு, ஒரு கூலி வண்டியை அமர்த்திக்கினு வந்தேன்’ என்று நாளைக்கு ஊர் முழுக்கச் சொல்வார். வாங்காவிட்டால்? கெடா மார்க் சேவல் மார்க்கை இழுத்து வந்தது — அவ்வளவுதான் கதை, அப்படியேதான் நிற்கும்.

“நமக்குள்ள இன்னாண்ணே காசு” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டேன். வலது பக்கம்தான்.

அதற்குப் பிறகு இரண்டு முறை ஆள் மூலம் பணம் அனுப்பிவிட்டார். திருப்பி அனுப்பிவிட்டேன். நேற்று பாகூரில் நேராகவே மடக்கினார். சட்டைப் பையில் திணிக்கப் பார்த்தார். நான் ஓடியே போய்விட்டேன். யாருக்காவது நான் கால் ரூபாய் தர வேண்டியிருந்தால்கூட எனக்கு ராத்திரி புரண்டு புரண்டு படுக்கத் தோன்றும். ஆனால் இந்தப் பாக்கியை நினைத்தால் மட்டும் குறட்டை வருகிறது என்று வீட்டில் சொல்கிறார்கள்.

ஆகவே, எல்லோரும் அறிய எழுதி வைக்கிறேன்: சேவல் மார்க் வண்டிக்காரரிடமிருந்து கெடா மார்க் வண்டிக்காரனுக்கு இன்றைய தேதி வரை வர வேண்டிய பாக்கி, ரூபாய் ஐந்து.