கேற்றுக்கு வெளியே வியாழக்கிழமைகள்

1. ஃபர்ஸ்ட் எய்ட் அறை

எழுபதுகளின் நடுப்பகுதியில் சிட்னிக்கு வந்து சேர்ந்த சில மாதங்களில் எனக்கு வேலை கிடைத்தது. கொழும்பில் எட்டு வருடம் வார்டில் நின்ற தாதிக்கு, பரமட்டாவுக்குக் கிட்ட மின்சாரச் சாமான்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஃபர்ஸ்ட் எய்ட் அறை. ஒரு கட்டில், ஒரு அலுமாரி, ஒரு பிரஷர் மெஷின். சாமான்களைப் பூட்டும் லைனில் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். துருக்கி, லெபனான், யூகோஸ்லாவியா என்று பல நாடுகளிலிருந்து வந்தவர்கள்.

மனேஜர் கொலின்ஸ் முதல் நாளே என் வேலையை விளங்கப்படுத்திவிட்டார்.

"வெட்டுக்காயம் எண்டா கட்டிவிடும். தலையிடி எண்டா ரெண்டு பனடோல் குடும். அஞ்சு நிமிசத்துக்குள்ள ஆள் லைனுக்குத் திரும்பவேணும்."

நான் ஓம் என்றேன். வேலை கிடைத்ததே பெரிது என்று நினைத்த காலம். ஏழு மாதம் அப்படியே செய்தேன்.

2. எமினே

எமினே துருக்கிப் பெண். இருபத்தாறு வயதிருக்கும். சோல்டரிங் பகுதியில் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை தலையிடி என்று வந்தாள். இரண்டு பனடோல் கொடுத்தேன். புதன்கிழமை திரும்பவும் வந்தாள். அன்றைக்கு வாசலில் இன்னும் நாலு பேர் காத்து நின்றார்கள். பெயரை எழுதிவிட்டு இன்னும் இரண்டு கொடுத்து அனுப்பினேன்.

வியாழன் காலை பத்து மணியளவில் லைனில் ஒருத்தி விழுந்துவிட்டாள் என்று ஆள் ஓடி வந்தது. நான் போனபோது எமினேக்கு வலிப்பு. மேலங்கியின் பொத்தான்களைக் கழற்றியபோதுதான் கண்டேன், ஏழு மாத வயிறு. கால்கள் இரண்டும் வீங்கிப்போய் இருந்தன. பிரஷர் எடுத்தேன். அந்த எண்ணை இங்கே எழுத இப்போதும் மனமில்லை.

அம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. எமினே பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

வயிறு தெரிந்தால் வேலை போய்விடும் என்று மறைத்திருக்கிறாள். கர்ப்பிணிகளுக்கான கிளினிக் நடக்கும் நேரமெல்லாம் ஷிப்ட் நேரம். அதனால் ஒருமுறையும் போனதில்லை. இவையெல்லாம் பிறகு விசாரித்து அறிந்தவை. ஆனால் அந்த வயதுப் பெண் வீங்கிய முகத்தோடு இரண்டு நாள் தொடர்ந்து தலையிடி என்று வந்தால் பிள்ளை வயிற்றிலா என்று கேட்கவேண்டும், பிரஷரைப் பார்க்கவேண்டும், அது ஏறினால் வலிப்பு வரும் என்பது பயிற்சியின் முதல் வருடத்திலேயே எனக்குச் சொல்லித்தந்த பாடம். நான் கேட்கவுமில்லை, பார்க்கவுமில்லை.

3. லொரெய்ன்

வென்ட்வேர்த்வில்லில் நாங்கள் இருந்த ஃபிளட்டுக்கு மேல்வீட்டில் லொரெய்ன் இருந்தாள். அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த கறுப்பினப் பெண், வயது நாற்பது. இங்கே ஆசிரியர் பற்றாக்குறை என்று அங்கிருந்து எடுத்தவர்களில் ஒருத்தி. ரயிலில் சனம் எங்கள் இரண்டு பேரையும் ஒரே மாதிரித்தான் பார்த்தது. பழக்கம் அப்படித்தான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

அவள் ஒரு சொராரிட்டியைச் சேர்ந்தவள். கறுப்பினப் பெண்கள் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது சேருகிற சங்கம் அது. வெள்ளைக்காரரின் சங்கங்களில் அவர்களைச் சேர்க்காத காலத்தில் தாங்களே தொடங்கியதாம். பட்டம் எடுத்தால் முடிந்துபோகிற உறவில்லை, சாகும்வரை அங்கத்தவர். எந்த ஊரில் இருந்தாலும் அந்த ஊருக்கு ஏதாவது செய்தாகவேண்டும். வாக்காளராகப் பதிய உதவுவது, பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு, மருந்து கொடுப்பது என்று பல வேலைகள். சிட்னியில் அவளுக்கு அப்படி ஒரு சங்கமும் இல்லை. அது அவளுக்குப் பெரிய குறையாக இருந்தது.

எமினேயின் கதையை, எல்லாம் விசாரித்து அறிந்த அன்று மாலை அவளிடம் சொன்னேன். உன் பிழை இல்லை என்று அவள் சொல்லவில்லை. கிளினிக் எத்தனை மணிக்கு, ஷிப்ட் எத்தனை மணிக்கு முடிகிறது என்று கேட்டாள். பிறகு தன் பெரியம்மாவைப் பற்றிச் சொன்னாள். அந்தக் காலத்தில் பருத்தித் தோட்டத்து முதலாளிகள் சிலர் வேலையாட்களைத் தடுப்பூசி போடப் போகவும் விடமாட்டார்களாம். சங்கத்துப் பெண்கள் மருந்துப் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு வயலோரத்துக்கே போய் மேசை போட்டார்களாம். பெரியம்மா அவர்களில் ஒருத்தி.

"அவையள் வர ஏலாதெண்டா நாங்கள் போவம்," என்றாள். "வியாழக்கிழமை கேற்றடியில எத்தினை மணிக்கு நிப்பீர்?"

4. மேசை

தொழிற்சாலைக் கேற்றுக்கு வெளியே றோட்டு. அது கொலின்ஸின் காணி இல்லை. ஷிப்ட் மூன்றரைக்கு முடியும். லொரெய்ன் பள்ளிக்கூடம் விட்டு நேரே தன் ஸ்டேஷன் வாகன் காரில் வந்தாள். ஒரு மடக்கு மேசை, இரண்டு கதிரை. நான் பிரஷர் பார்த்தேன், கால் வீக்கம் பார்த்தேன், மாதக் கணக்குக் கேட்டேன். அவள் கொப்பியில் பெயர் எழுதினாள். சந்தேகமானவர்களைச் சனிக்கிழமை காலையில் பார்க்க ஒரு டொக்டரைப் பேசிப் பிடித்திருந்தாள். கூட்டிக்கொண்டு போவதும் அவள்தான்.

முதல் வியாழன் மூன்று பேர் வந்தார்கள். நாலாவது வியாழன் வரிசை பஸ் தரிப்பு வரைக்கும் நின்றது. அடுத்த நாள் கொலின்ஸ் என்னைக் கூப்பிட்டார்.

"உமக்குச் சம்பளம் தாறது நானோ, அந்த அமெரிக்கக்காரியோ?"

"நீங்கள்தான் சேர். மூண்டரை மணி வரைக்கும்."

அவர் கத்தவில்லை. கம்பனிக்கு வெளியே கூட்டம் கூட்டுவதை நிறுத்து, இல்லாவிட்டால் இரண்டு கிழமை நோட்டிஸ் என்றார். திங்கட்கிழமை பதில் சொல்லவேண்டும்.

வீட்டில் என் கணவருக்கும் அப்போது நிரந்தர வேலை இல்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"வேலை போனா வாடகைக்கு என்ன செய்யிறது எண்டு யோசிச்சனீரோ?" என்று கேட்டார்.

யோசித்தேன் என்றேன். யோசித்தது உண்மை, விடை தெரியாததும் உண்மை. திங்கட்கிழமை போய், மேசையை எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு நோட்டிஸை வாங்கிக்கொண்டு வந்தேன். வேலை முடிந்த பிறகும் வியாழக்கிழமைகளில் ரயிலேறி அதே கேற்றுக்குப் போனேன்.

அப்படி ஒரு நாள்தான் எமினே மேசைக்கு வந்தாள். பிள்ளை போய் இரண்டு மாதம் ஆகவில்லை, லைனுக்குத் திரும்பியிருந்தாள். அதுவரை என்னைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போய்விடுவாள். நான் எழும்பி நின்றேன். அண்டைக்கு உன் பிரஷரை நான் பார்த்திருக்கவேண்டும் என்றேன். அவளுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். சொற்களைத் தேடித் தேடிச் சொன்னாள்.

"நான் சொல்லேல்லை. நீங்களும் கேக்கேல்லை."

வரிசையில் நின்ற இன்னொரு துருக்கிப் பெண்ணுக்கு நான் கேட்டது விளங்காமல் இருந்தது. எமினே அதை அவள் மொழியில் திருப்பிச் சொன்னாள். அன்று கடைசி ஆள் போகும்வரை மேசையருகே நின்றாள். அடுத்த வியாழனும் வந்தாள்.

5. பிறகு

லொரெய்னின் ஒப்பந்தம் அடுத்த வருடம் முடிந்தது. போவதற்கு முன் அவளுடைய சங்கத்தில் எங்களையும் சேர்க்கலாமா என்று கேட்டேன். அதற்குத் தனி முறை இருக்கிறது, தன்னால் முடியாது என்றாள். இந்த வேலைக்கு அது தேவையுமில்லை என்றாள். கொப்பியை எமினேயிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பிறகு அவளிடம் வாங்கிக் கொண்டுபோய்க் காட்டிய அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் புதிதாகத் திறந்த ஒரு சமூக சுகாதார நிலையம் என்னை வேலைக்கு எடுத்தது. ஓய்வுபெறும்வரை அந்த வேலைதான்.

இளைய தாதிகள் சிலர் என்னிடம், சேவை செய்ய நல்ல மனம் வேண்டும் அல்லவா அன்ரி என்று கேட்பார்கள். என் மனத்தைப் பற்றி லொரெய்ன் ஒருநாளும் விசாரித்ததில்லை. எனக்கு வந்த இரக்கம் ஒரு கிழமையில் ஆறியிருக்கும். அதுவும் எனக்குத் தெரியும். ஆகவே நான் சொல்வது இதுதான்: எந்த நாள், எந்த இடம் என்று முதலில் நாலு பேருக்குச் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு மனம் வந்தாலும் வராவிட்டாலும் போகத்தான் வேண்டியிருக்கும், ஏனென்றால் அங்கே ஆட்கள் வந்து நிற்பார்கள்.