பெலார்மினோ செய்த மூன்றாவது மேசை

பலகையைக் கையில் எடுத்தால் முதலில் முகர்ந்து பார்க்கிறார் பெலார்மினோ. பச்சை வாசம் அடித்தால் வெயிலில் சாத்திவிடுகிறார். பட்டுத் தெரிந்துகொண்ட புத்தி. பானி நகரத்தில் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பதுதான் அவர் பிழைப்பு. ஞாயிறு வந்தால் கொல்லைப்புறத்தில் தச்சராகிவிடுவார். கெடுத்த கட்டைகளை எரிக்கமாட்டார், சுவரில் மாட்டிவைப்பார். "நம்ம முட்டாள்தனம் நம்ம கண்ணு முன்னாடியே தொங்கணும்" என்பார்.

புள்ளிக்குப் புள்ளி காய் பொருத்தி ஆடும் டொமினோ ஆடத்தான் மேசை செய்யத் தொடங்கினார். முதல் மேசை ஒரு பக்கம் ஆடியது. ஒரு காலை அறுத்தார். இன்னொரு கால் நீண்டது. அதையும் அறுத்தார். கடைசியில் முழங்கால் உயரம்கூட மிஞ்சவில்லை. "கோழிங்கள உக்காரவச்சு ஆடச் சொல்லுடா!" என்று வயிறு வலிக்கச் சிரித்தார், ஆட்டத்தில் அவருக்கு எதிரே உட்காரும் கூட்டாளியான மீன்காரர் ஓவிதியோ. இரண்டாவது மேசை மழைக்கு உப்பிப் பிளந்தது. மூன்றாவது, மாமரப் பலகை. கல்லைப் போல நின்றது. அதில் ஒரே ஒரு ஞாயிறு ஆடிவிட்டு, அந்த வாரமே ஓவிதியோ மாரடைப்பில் போய்விட்டார்.

மளிகைக்கடை நெரெய்தாவும் அவள் தம்பி தாவித்தோவும் அதன் பிறகும் வந்தார்கள். பெலார்மினோவுக்கு வீட்டில் வேறு ஆள் கிடையாது. அங்கே மனிதக் குரல் கேட்பதே ஞாயிறு மட்டுந்தான். ஓவிதியோவின் பங்குக் காய்களை அவர் நாற்காலிக்கு முன்னால் கவிழ்த்து வைத்து, அவர் முறை வந்தால் தாண்டிப் போனார்கள்.

அப்படி ஒரு முறை தாண்டும்போது, அந்தப் பக்கத்துப் பலகையில் கேட்டது. டொக்.

போடக் காய் இல்லாதவர் மேசையைத் தட்டி முறையை விட்டுக்கொடுப்பது ஆட்ட வழக்கம். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நெரெய்தா அந்தக் காய்களைத் திருப்பினாள். பொருந்துவது ஒன்றுகூட இல்லை.

"ஐயோ அண்ணே! செத்த மனுசன் கையில என்ன இருக்குன்னு மேசை சொல்லுது!"

"அட சும்மா இரு புள்ள. பச்சை மரம் காயுது. திருகாணிய இறுக்கிப்புட்டேன், சுருங்க வழியில்லாம தெறிக்குது. என் தப்புதான்."

"என்ன எழவோ! இது நிக்கிறவரைக்கும் நான் இந்த வீட்டுப் பக்கம் வரமாட்டேன்."

சொன்னபடியே அவள் வரவில்லை, தம்பியையும் விடவில்லை. பெலார்மினோ திருகாணிகளைக் கழற்றினார். துளைகளை அரத்தால் நீளவாக்கில் ராவி, பலகை சுருங்கி விரிய இடம் விட்டு, தளர்வாகப் பூட்டினார். பிறகு அக்கா தம்பி இருவரையும் போய் அழைத்துவந்தார்.

உச்சி வெயில். தெருவில் நாய்கூட இல்லை. எதிர் நாற்காலியின் முறை வந்தது. சத்தம் இல்லை. மறுபடி வந்தது. இல்லை.

"பாத்தியாக்கா, வெறும் மரந்தான்!" என்றான் தாவித்தோ. நெரெய்தா நிம்மதியாகச் சிரித்துக் காப்பி ஊற்றினாள். பெலார்மினோவுக்கு மட்டும் ஓவிதியோ இன்றைக்குத்தான் செத்தார் போலிருந்தது.

"என்னண்ணே யோசனை? உன் முறை."

அவர் காய்களைக் கவிழ்த்தார். திருப்புளியை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் நுழைந்தார். ஓவிதியோவின் பக்கத்துத் திருகாணியை மரம் முனகும்வரை முறுக்கினார். மேலே நெரெய்தாவின் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. அவர் இன்னும் ஒரு சுற்று முறுக்கினார்.