கையில் விளையாட்டு, காதில் தங்கை

ஜப்பானுக்கு வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தவர் ஓர் ஐம்பது வயதுக்காரர். காலை ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கோட்டு, டை, மடியில் தோல் பை. கோட்டுப் பையிலிருந்து சோப்பு டப்பா அளவில் ஒரு கருவியை எடுத்தார், மூடியைத் திறந்தார், வீடியோ கேம் ஆடத் தொடங்கினார். எங்கள் அரியலூர் பக்கம் அந்த வயதில் ஒருவர் ரயிலில் இப்படி ஆடினால் பெட்டியே திரும்பிப் பார்க்கும். இங்கே பக்கத்தில் இருந்தவர் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. மறுநாள் வேண்டுமென்றே அவர் அருகில் போய் நின்று எட்டிப் பார்த்தேன். திரையில் ஆடுபுலி ஆட்டம் போலக் கட்டங்கள். அவற்றில் வாளோடும் குதிரையோடும் குட்டிக் குட்டியாகப் படைவீரர்கள். ஒரு வீரனை நகர்த்த அவர் இரண்டு ஸ்டேஷன் தூரம் யோசித்தார். அதுவரை எதிரிப்படை அசையாமல் நின்றது.

அந்த அசையாமல் நிற்றல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் அந்த ஊரில் வேறு எதுவும் எனக்காக நிற்கவில்லை. கடையில் பணம் வாங்கும் பெண் கேட்பது புரிவதற்குள் அடுத்த ஆள் வந்துவிடுவார். ஆபீசிலும் அதே கதைதான். ஒருமுறை என் மேலதிகாரி மொரிதாவிடம் ஒரு பம்பின் வரைபடத்தை மாற்றலாமா என்று கேட்டேன். நான் பேசப் பேச அவர் “ஹாய், ஹாய்” என்று தலையாட்டினார். ‘ஹாய்’ என்றால் ‘ஆமாம்’ என்று மொழி வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். நான் மாற்றிவிட்டேன். மறுநாள் பிரிவே அல்லோலகல்லோலப்பட்டது. பக்கத்து மேசைக்காரர்தான் விளக்கினார்: “அவர் சம்மதம் சொல்லவில்லை. நீங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றுதான் சொன்னார்.” அந்த வாரமே பழைய பொருள் விற்கும் கடையில் அந்தக் கருவியையும் அந்த விளையாட்டையும் வாங்கினேன். எழுத்து பாதி புரியாது. ஆனாலும் என் முறை வந்தால் நான் முடிக்கும்வரை அது காத்திருந்தது. அதில் ஒவ்வொரு வீரனுக்கும் பெயர் உண்டு, முகம் உண்டு, பின்னால் ஒரு கதை உண்டு. ஒருமுறை விழுந்தவர் விழுந்தவர்தான், அடுத்த போருக்கு வரமாட்டார். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. ஒரே ஒருவர் விழுந்தாலும் கருவியை அணைத்துவிட்டுப் போரை முதலிலிருந்து ஆடுவேன். ஒன்றை முடித்ததும் அதே வரிசையில் அடுத்ததை வாங்கினேன்.

வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேசுவேன். அப்பா அரியலூரில் ஒரு சிமெண்டு ஆலையில், ஆட்களின் வருகையைப் பதியும் டைம் ஆபீசில் இருந்தார். எங்கள் மாவட்டம் பெரம்பலூரிலிருந்து பிரிந்து, மறுபடியும் அதோடு சேர்ந்துவிட்டிருந்த சமயம் அது. விண்ணப்பங்களில் எந்த மாவட்டம் என்று எழுதுவதில் அப்பாவுக்கே குழப்பம். தங்கை செல்வி தினமும் பஸ்ஸில் பெரம்பலூருக்குப் போய் லேப் டெக்னீசியன் படிப்பை முடித்திருந்தாள். ஊசி குத்தும்போது ஆள் முகம் சுளிக்காமல் ரத்தம் எடுப்பதில் வகுப்பிலேயே அவள்தான் கெட்டிக்காரி என்பார்கள். நான் வெளிநாடு வந்ததும் வீட்டில் எதுவானாலும் ‘அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்’ என்றாகிவிட்டது. அதற்கு நான் எந்தத் தகுதியையும் சம்பாதிக்கவில்லை. தூரத்தில் இருந்தேன், அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தேன். என் படையில் காயத்துக்கு மருந்திடும் ஒரு சின்னப் பெண், வில்லாளிகள் நடுவில் மாட்டியிருந்தாள். எந்தக் கட்டத்துக்கு நகர்த்தினாலும் ஒரு அம்பு அவளை எட்டும். செல்வி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பெரம்பலூர், மாப்பிள்ளை, ஸ்பேர் பார்ட்ஸ் கடை என்று நடுநடுவே காதில் விழுந்தது. கடைசியில், “என்னண்ணே, சரின்னு சொல்லிடவா?” என்றாள்.

“ம்... சரி.”

“நெஜமாவாண்ணே?”

“சரிம்மா, சரி.”

போனை அப்பா வாங்கினார். “ஒனக்கும் சம்மதம்னு செல்வி சொல்லுச்சு. அதுவும் ஒத்துக்கிச்சுப்பா. பேசி முடிச்சுடறேன்,” என்றார். எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவில் போய் வந்தேன். பந்தியில் ஓடியாடிப் பரிமாறினேன். அவள் முகத்தைப் பார்த்தேனா என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு வருடம் கழித்து மறுபடி போனபோதுதான் பெரம்பலூரில் அவள் வீட்டில் ஒரு பகல் முழுக்க இருந்தேன். மாப்பிள்ளை தங்கமான மனுஷன். எனக்காகக் கடையை அரை நாள் மூடிவிட்டு வந்து சாப்பிட்டுப் போனார். அவர் போனபின் செல்வி தன் மாமியாரின் ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்து, சர்க்கரை எங்கே ஏறியிருக்கிறது என்று எனக்கு விளக்கினாள். சீட்டை மடிக்க அவளுக்கு மனமில்லாதது போலிருந்தது. நான் யோசிக்காமல் கேட்டேன்: “இவ்ளோ தெரிஞ்சு வச்சிருக்க, ஏன் வேலைக்குப் போவல?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “மாப்பிள்ளை வீட்ல வேலைக்கு அனுப்ப மாட்டாங்கன்னு அன்னைக்கே போன்ல சொன்னேனேண்ணே. திருச்சி லேப்ல சேரச் சொல்லி லெட்டரும் வந்துருக்கு, அத விட்டுட்டு இந்த எடத்துக்குச் சரின்னு சொல்லிடவான்னு ஒன்கிட்டதான கேட்டேன்? நீ வேணாம்னா அப்பா விட்டுருப்பாரு. நீயே சரின்ன. அண்ணன் யோசிக்காமயா சொல்லும்னு நானும் தலையாட்டிட்டேன்.”

மறைத்திருக்கலாம். நல்ல இடம் என்றுதான் சொன்னேன் என்று சமாளித்திருக்கலாம். வாய் வரவில்லை. “செல்வி, அன்னைக்கு நீ சொன்னது எதையுமே நான் கேக்கல. கையில ஒரு வெளையாட்டு வச்சு ஆடிக்கிட்டிருந்தேன்.”

“என்ன வெளையாட்டு?”

சொன்னேன். கட்டங்கள், வில்லாளிகள், நடுவில் மாட்டிய பெண் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். நான் அவள் பேச்சை ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

“அந்தப் பொண்ணு பொழச்சுதா?”

“பொழச்சுட்டா. மூணு தடவ மொதல்லேருந்து ஆடினேன்.”

“பொழச்சுதுல்ல, போதும்,” என்றாள். குத்தலாகச் சொன்ன மாதிரியும் இல்லை. எழுந்து போய் அடுப்பில் காபிக்குப் பால் வைத்தாள். மாப்பிள்ளையிடம் நான் பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். திரும்பிப் பார்க்காமலே, “நீ பேசாத. எனக்குப் பேசத் தெரியும்ணே,” என்றாள்.

மொரிதா கேட்டார், ஆனால் சம்மதிக்கவில்லை. நான் கேட்கவே இல்லை, சம்மதித்தேன். திரும்பி வரும் விமானம் முழுக்க இதுதான் மனதில் ஓடியது. விளையாட்டை விட்டொழித்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் அது பொய். அதே வரிசையில் புதியது வந்தபோது கடை திறக்குமுன் போய் நின்றேன். இப்போதும் ஒரு வீரன் விழுந்தால் அணைத்துவிட்டுத் திரும்ப ஆடுகிறேன். ஆடும்போது முன்பிருந்த நிம்மதி மட்டும் இல்லை.

செல்வி பேசியிருக்கிறாள். எப்படி, எத்தனை நாள் பேசினாள் என்று எனக்குத் தெரியாது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்ன லேபில் காலை நேரத்துக்கு மட்டும் சேர்ந்துவிட்டாள் என்று, சேர்ந்து மூன்று மாதம் ஆனபின், அப்பாதான் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். என்னிடம் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எனக்கு வலித்தது. வலிப்பதற்கு எனக்கு உரிமை இல்லை என்பதும் தெரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் செல்போனுக்கு அடித்தேன். அங்கே காலை ஏழு மணி, வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்தவர்களின் கூட்டம். “இருண்ணே, ஆளு நிக்கிறாங்க,” என்று போனை மேசைமேல் வைத்துவிட்டாள். நான் பால்கனியில் நின்றேன். எதிர் பால்கனியில் யாரோ ஒரு ஜப்பானியப் பெண் மெத்தையைக் கம்பியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். காதுக்குள் இருமல், நாற்காலி இழுபடும் சத்தம், “கையை மடக்கிக்கங்க, பயப்படாதீங்க” என்று என் தங்கையின் குரல். ஒரு பெரியவர், “யாரும்மா லைன்ல?” என்றார். “எங்கண்ணன். வெளியூருல இருக்கு,” என்றாள். அதற்குப் பிறகும் அவள் பெயர் பெயராகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எதிர் பால்கனிப் பெண் என்னைப் பார்த்துத் தலைதாழ்த்தினாள், நானும் தாழ்த்தினேன். பிறகு பெரம்பலூரில் அந்த வரிசையின் கடைசியில் நானும் நிற்பதுபோல, என் பெயர் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.